கோட்டைச்சாமி எந்தச் சங்கம்?

போன வாரம் டிப்போ பக்கம் போயிருந்தேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், அவ்வப்போது போய் அந்த டீசல் வாசனையைப் பிடித்துவிட்டு வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எதிரே உள்ள டீக்கடையில் இளவட்ட டிரைவர்கள் சிலர் உட்கார்ந்து, வரப்போகிற தேர்தலைப் பற்றித் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்கள். பழைய கட்சி, புதுக் கட்சி, நேற்று முளைத்த கட்சி என்று ஒவ்வொன்றாக எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார்கள். எனக்கானால் கை பரபரக்கிறது! தேர்தல் வந்தாலே எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி உடம்பு சூடாகிவிடும். நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நீங்க சர்வீஸ்ல எந்தச் சங்கம்? அதச் சொன்னீங்கன்னா இந்தத் தடவ யாருக்குப் போடுவீங்கன்னு நாங்களே கண்டுபிடிச்சிருவோம்" என்றான் ஒருவன்.

"நான் எந்தச் சங்கமும் இல்லடா."

"அப்ப நோட்டாவா?"

"நோட்டாவும் கிடையாது, கீட்டாவும் கிடையாது! ஒரு ஓட்டக்கூட நான் வீணாக்குனதில்ல. யாருக்குப் போடுறதுன்னு முடிவு பண்ணத்தான் எனக்கு உசுரு போயி உசுரு வரும்."

சிரித்தார்கள். ஏன் என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர்களுக்கு டூட்டி நேரம் வந்துவிட்டது. பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்குகிற ஆள் நானில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெளியாட்களுக்கு முதலில் ஒன்று சொல்லியாக வேண்டும். அரசு பஸ் டிப்போவில் சங்கம் என்றால் அது கட்சிதான். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு தொழிற்சங்கம், சங்கத்துக்கு ஒரு கொடிக்கம்பம். கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கும். கோட்டையில் ஆட்சி மாறினால் அன்றைக்கே டிப்போவிலும் மாறும். நல்ல ரூட்டு யாருக்கு, கேட்ட நாளில் லீவு யாருக்கு, ஆள் நடமாட்டமில்லாத பொட்டல்காட்டு ரூட்டு யாருக்கு என்பதெல்லாம் சட்டையில் குத்தியிருக்கிற பேட்ஜைப் பொறுத்தது. எங்கள் டிப்போ எது என்று நான் சொல்லப் போவதில்லை. இராமநாதபுரம் சீமையில் ஒன்று, அவ்வளவுதான். கட்சிப் பெயரையும் சொல்ல மாட்டேன். சங்கச் செயலாளர்களின் பெயரை வைத்தே சொல்லிவிடுகிறேன். அதையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். வயதான காலத்தில் எனக்கெதற்கு வம்பு?

என் ஊர் சிக்கல் பக்கம். விவசாயக் குடும்பம். மழையை நம்பினால் ஆகாது என்று லாரி ஓட்டப் போனேன், கனரக லைசென்ஸ் எடுத்தேன், டெஸ்டில் பஸ்ஸை ரிவர்ஸில் வளைத்துக் காட்டினேன், வேலை கிடைத்தது. என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

வேலையில் சேர்ந்த அன்று கேட்டுக்குள் காலை வைத்ததுமே ஒரு கனத்த கை என் தோளில் விழுந்தது. முத்திருளாண்டி அண்ணன். வெள்ளை வேட்டி, மீசையில் எண்ணெய்.

"ஏலே, சிக்கல் பெரியகருப்பன் மகனா நீ? உங்கய்யா நம்ம கட்சியில்ல! பொறந்தப்பவே நீ நம்ம ஆளுலே" என்று பேட்ஜைக் குத்திவிட்டார். அய்யா அந்தக் கட்சிதான். ஊருக்குத் தார்ரோடு வந்ததே அவர்களால்தான் என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர்.

கேன்டீனுக்குப் போனேன். தங்கவேல் வந்து உட்கார்ந்தான். என் வயதுதான். தானே டீ சொல்லி, தானே வடை வாங்கி வைத்து, நான் வடையைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பேட்ஜைக் குத்திவிட்டான். "ஒனக்கு ஒண்ணுன்னா நான் நிப்பேன் மாப்ள" என்றான். வாயில் வடையை வைத்துக்கொண்டு எப்படி மறுப்பது?

மூன்றாமவர் செல்லத்துரை தோழர். அவர் குத்தவில்லை. சின்னப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, உலகத்தில் உழைக்கிறவன் நிலைமை என்ன என்று அமைதியாக, அழகாக விளக்கிவிட்டு, "கொள்கை ஒத்து வந்தா நீங்களே குத்திக்கங்க தோழர்" என்று பேட்ஜை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த மரியாதைக்கே மனசு கேட்காமல் நானே குத்திக்கொண்டேன்.

மூன்று பேட்ஜோடு போய் பஸ்ஸில் ஏறினால், என் கண்டக்டர் சிராஜுதீன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அண்ணே, நீங்க பஸ் ஓட்ட வந்தீகளா, கூட்டணி ஆட்சி அமைக்க வந்தீகளா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பாம்பன்காரன். அன்றைக்குப் பிடித்த சிநேகிதம் இன்றைக்கும் விடவில்லை.

மூன்றையும் கழற்றினேன். பிறகு சர்வீஸ் முழுக்க ஒன்றைத் திரும்பக் குத்துவதற்கு நான் பட்ட பாடு! எனக்குக் கொள்கை இல்லாமலில்லை. கொள்கை ஜாஸ்தி, அதுதான் கோளாறே. எவனும் எவனுக்கும் கீழே இல்லை என்று முத்திருளாண்டி கட்சிக்காரர்கள் மேடையில் பேசினால் எனக்கு மயிர்க்கூச்செறியும். அதே கட்சியில் அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு மருமகன் என்று வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். தங்கவேல் கட்சி பெண்களின் கையில் நேராக எதையாவது கொண்டுவந்து கொடுக்கும். என் அம்மா கையிலேயே கொடுத்தது, மறக்க முடியாது. ஆனால் வளர்ந்த ஆம்பிளைகள் ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாகத் தலைவர் காலில் விழுவதைப் பார்த்தால் எனக்கு முதுகு எரியும். செல்லத்துரை தோழரின் கை சுத்தம், வாய் சுத்தம், எல்லாம் சுத்தம். ஆனால் எதைக் கேட்டாலும் குழு கூடி முடிவெடுக்கும் என்பார். குழு கூடுவதற்குள் பஸ் மதுரையைத் தாண்டிவிடும். மூன்றையும் பிசைந்து ஒரே உருண்டையாகக் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருப்பேன். யார் கொடுத்தார்கள்?

"ஒரு சட்டை எடுக்க நாலு கடை ஏறி எறங்குற ஆளு நீங்க. உங்ககிட்டப் போயி ஓட்டக் குடுத்துருக்காகளே, கவர்மெண்டச் சொல்லணும்" என்பாள் என் வீட்டுக்காரி.

டிப்போவில் சங்கமில்லாத ஆள் என்னைத் தவிர இன்னொருவன்தான் இருந்தான். அது சிராஜ். அவன் காரணம் வேறு. "மூணு பேருகிட்டயும் சண்டை போட்டாச்சுண்ணே. நாலாவதா எவனாச்சும் சங்கம் ஆரம்பிச்சா சொல்லுங்க" என்பான்.

இந்த இடத்தில் எங்கள் கிளை மேலாளரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சுந்தரமூர்த்தி சார். ஒல்லியான மனிதர், இஸ்திரி கலையாத சட்டை. அவர் எந்தத் தொழிலாளியிடமும் நேராகப் பேச மாட்டார். ஒருவனிடம் சிரித்துப் பேசினால் மற்ற இரண்டு சங்கமும் மேலே பெட்டிஷன் போட்டுவிடும் என்று பயம். முன்பு இருந்த ஊரில் அப்படிப் பட்டிருக்கிறாராம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். நாம் உள்ளே போய் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர் ஜன்னலைப் பார்ப்பார். பீரோ பக்கத்தில் அட்டெண்டர் ராக்கம்மா அக்கா நிற்கும். சார் அக்காவிடம் சொல்வார், அக்கா நம்மிடம் சொல்லும். நாம் அக்காவிடம் சொல்ல வேண்டும், அக்கா சாரிடம் சொல்லும். இத்தனைக்கும் எங்களுக்கு நடுவில் ஒரு மேசைதான்!

ஒரு நாள் வண்டி தாமதமாக வந்ததற்கு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த டிரைவர் தூங்கிட்டு வாரானா, இல்ல வந்துட்டுத் தூங்குறானான்னு கேளு" என்றார் ஜன்னலைப் பார்த்து.

ராக்கம்மா அக்கா என் பக்கம் திரும்பியது. "சார் ஒடம்புக்கு எப்படி இருக்குன்னு கேக்குறாக."

"நல்லாருக்கேன்க்கா. உச்சிப்புளிகிட்ட டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் மொட்டை டயரு. இந்த லச்சணத்துல வண்டியக் குடுத்தா நான் பறந்தா வருவேன்னு கேளுங்க."

அக்கா சார் பக்கம் திரும்பியது. "ரொம்ப வருத்தப்படுறாரு சார். இனிமே நேரத்துக்கு வந்துருவாராம்."

இப்படித்தான் எங்கள் டிப்போவில் அமைதி நிலவியது. பல நாள் யோசித்திருக்கிறேன்: நானும் சாரும் ஒரே சாதி நோயாளிகள்தான். எனக்கு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை, அவருக்கு எந்தப் பக்கமும் சாய்ந்துவிடக் கூடாதென்று பயம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நானும் சிராஜும் ஓட்டியது இராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் போகிற காலை வண்டி. கோயிலில் தீர்த்தமாடிவிட்டு வருகிற பக்தர்கள்தான் பாதி பேர். ஈரத்தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் தீர்த்தக் கேன். அந்த வண்டி வழியில் உள்ள அக்காள்மடம் ஊரில் நிற்கக் கூடாது. ஆனால் அங்கே ரோட்டோரத்தில் ஆரோக்கியம் அக்காவும் இன்னும் சில பெண்களும் மீன் கூடையோடு நிற்பார்கள். விடியும்போது ஏலத்தில் எடுத்த மீன். அந்த வண்டியை விட்டால் இராமநாதபுரம் சந்தைக்குப் போவதற்குள் மீன் நெகிழ்ந்துவிடும், அன்றைய பிழைப்பு போச்சு. மீன் கூடையை ஏற்றக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை வேறு இருந்தது. சிராஜ் விசில் அடிப்பான். விசில் அடித்தால் நிறுத்துவது டிரைவர் வேலை, நிறுத்துவேன். பின்சீட்டுக்கு அடியில் சாக்கை விரித்து, கூடைகளை வைத்து, ஒழுகுகிற ஐஸ் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே டிக்கெட் கொடுப்பான் அவன். மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்துவார்கள். "கொஞ்சம் பொறுத்துக்கங்க சாமி, ராம்நாடு வரைக்கும்தான்" என்று சிரித்தே சமாளிப்பான்.

ஒரு நாள் சமாளிக்க முடியவில்லை. மண்டபத்தில் டீ குடிக்க இறங்க எழுந்த ஒரு பெரியவர், வழியில் ஓடியிருந்த ஐஸ் தண்ணீரில் கால் வைத்துச் சறுக்கி விழுந்துவிட்டார். கை மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவர் பெண்சாதி அழ, மகன் கத்த, அந்த நேரம் பார்த்துச் செக்கிங் ஜீப்பும் வந்து நின்றது. கூடைகளைக் கீழே இறக்கினார்கள். சிராஜை அங்கேயே வண்டியிலிருந்து இறக்கினார்கள். மறுநாள் சஸ்பென்ஷன்.

நான் அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் அதற்குள் மதுரைக்குப் போய் அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். "கை எலும்பு முறியலண்ணே, அல்லா காப்பாத்துனான்" என்றுதான் முதல் வார்த்தை சொன்னான். பிறகுதான் தன் கதைக்கு வந்தான். "வேலை போச்சுன்னா நானும் எங்க அண்ணமாரு மாதிரி வளைகுடாவுக்குத்தான் ஏறணும். புள்ளைக மொகத்த வருசத்துக்கு ஒருக்காப் பாக்குற பொழப்பு வேணாம்னுதானே இந்தப் பையத் தோள்ல மாட்டுனேன்!"

விசில் அடித்தவன் அவன், நிறுத்தியவன் நான். அவன் வீட்டில், நான் வண்டியில். விடுவேனா? அன்று சாயங்காலமே மூன்று சங்கத்தின் கதவையும் தட்டினேன்.

அந்தச் சமயம் டிப்போவில் சங்கத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தொழிலாளிகள் ரகசிய ஓட்டுப் போடுவோம். ஜெயிக்கிற சங்கம்தான் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசும். முத்திருளாண்டி அண்ணனின் கட்சி அப்போது ஆட்சியில் இருந்தது. அவர் என்னைத் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ஏலே கோட்டை, நம்ம ஆட்சி நடக்குது. இப்பப் போயி மீன் கூடை, பக்தர் கைன்னு பேப்பர்ல வந்தா மந்திரிக்குச் சங்கடமில்லையா? ஓட்டு முடியட்டும். ஜெயிச்ச கையோட நானே மேசையில உக்காந்து முடிச்சுத் தாரேன். இது என் வாக்கு."

தங்கவேல் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அன்றைக்கே கேட் மீட்டிங், மைக், டியூப் லைட். "எங்கள் மீனவத் தாய்மார்களின் கூடையை ரோட்டில் வீசிய அரசே!" என்று அவன் முழங்கியதில் எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது. அவன் இறங்கியதும் கேட்டேன், "தங்கவேலு, கூடைய ஏத்தக் கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டது உங்க ஆட்சியிலதானடா?"

"அது அப்ப மாப்ள. இது இப்ப" என்றான் கூசாமல்.

செல்லத்துரை தோழர் முழுசாகக் கேட்டார், இடையில் ஒரு சொல் பேசாமல். "இதத் தனி மனுசன் பிரச்சினையாப் பாக்கக் கூடாது தோழர். மீனவப் பெண்களுக்குன்னே தனிப் பேருந்து விடணும். தீர்மானம் போடுறோம்." அருமையான யோசனை! எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. "எப்பத் தோழர் வரும்?" என்றேன். "மாநிலக் குழு கூடணும்" என்றார்.

ஒருவரிடம் அதிகாரம், ஒருவரிடம் குரல், ஒருவரிடம் நியாயம். என் தலையெழுத்தைப் பார்த்தீர்களா!

இதற்குள் டிப்போவில் ஒரு கணக்குப் பரவிவிட்டது. யார் ஓட்டு எந்தப் பக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும். முத்திருளாண்டிக்கும் தங்கவேலுக்கும் சமமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது. தெரியாத ஓட்டு கோட்டைச்சாமியுடையதுதான். சிராஜுக்குச் சஸ்பென்ஷனில் ஓட்டு உண்டா இல்லையா என்று ஒரு தகராறு நடந்து, இல்லை என்றாகிவிட்டது. அப்புறம் என் பாடு கொண்டாட்டம்! நான் கேட்காமலே லீவு கிடைத்தது. கேன்டீனில் டீ குடித்தால் யாரோ சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். முத்திருளாண்டி அண்ணன் எங்கள் வீட்டு விசேஷத்துக்குக் குடும்பத்தோடு வந்தார். தங்கவேல் என் வண்டிக் கண்ணாடியைத் தானே துடைத்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். தோழர் இன்னும் இரண்டு புத்தகம் கொடுத்தார்.

"கோட்டை, ஒனக்கு வந்த வாழ்வப் பாரேன்!" என்றது ராக்கம்மா அக்கா.

சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அக்காள்மடம் வரும். புதுக் கண்டக்டர் விசில் அடிக்க மாட்டான். ஆரோக்கியம் அக்கா கூடையோடு நிற்கிறது, நான் தாண்டிப் போகிறேன். கண்ணாடியில் பார்த்தால் அது கையைக்கூட நீட்டாமல் நிற்பது தெரியும். அன்று முழுக்க எனக்கு எதுவும் ருசிக்காது.

ஓட்டு நாள் வந்தது. தொழிலாளிகள் படுத்துக் கிடக்கிற ஓய்வறையைக் கழுவிவிட்டு அதைத்தான் பூத் ஆக்கியிருந்தார்கள். சுந்தரமூர்த்தி சார் நடுவில். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும், விரலில் மை, பிறகு சீட்டு. மூலையில் பழைய சீட் ரெக்சினைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைப்பு கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு ஸ்டூல், மேலே முத்திரைக் கட்டை.

"இந்த டிரைவர் அட்டையில இருக்கிற ஆளு மாதிரி இல்லையேன்னு கேளு" என்றார் சார்.

"சார் ஒன்ன நல்லாருன்னு சொல்றாக, போ" என்றது அக்கா.

உள்ளே போய் நின்றேன். நெஞ்சு டீசல் எஞ்சின் மாதிரி அடிக்கிறது. எனக்குப் பிடித்த கொள்கை எது, பிடிக்காத பழக்கம் எது என்று ஒவ்வொன்றாக ஓடுகிறது. வெளியே இருந்து ஒருத்தன், "என்னப்பா கோட்டைச்சாமி, உள்ளயே குடும்பம் நடத்துறியா?" என்று கத்த, வரிசையே சிரிக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் யோசித்தேன். சிராஜுக்கு வேலை வேண்டும். வேலையைக் கொடுக்கிற இடத்தில் இருப்பவர் முத்திருளாண்டி. வாக்குக் கொடுத்திருக்கிறார். ஓங்கி ஒரு குத்து! பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

ஒரே ஓட்டு வித்தியாசத்தில் முத்திருளாண்டி ஜெயித்தார். வெடி, மாலை, மேளம். நானும் ஆடினேன். தங்கவேல் கொடிக்கம்பத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்காத மாதிரி ஆடினேன்.

அந்த வாரமே சிராஜுக்கு விசாரணை. குற்றம் சாட்டப்பட்டவன் தன் பக்கம் பேச உடன் வேலை பார்க்கிற ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. நான் சாட்சி, அதனால் நான் அப்படி நிற்க முடியாது. முத்திருளாண்டி அண்ணன் வருவார் என்று நானும் சிராஜும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். போன் போட்டேன்.

"சென்னைக்கு வந்துட்டேன்லே, மந்திரி பொன்னாடை போத்துறாரு. நாளைக்கி வாரேன்."

"விசாரணை இன்னைக்கிண்ணே! அன்னைக்கிக் குடுத்த வாக்கு என்னாச்சு?"

"தள்ளி வைக்கச் சொல்லுலே" என்றார். போன் நின்றுவிட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை.

செல்லத்துரை தோழர் திருச்சியில் குழுக் கூட்டத்தில் இருந்தார். தீர்மான நகலை மட்டும் அனுப்பியிருந்தார். சிராஜ் என் கையைப் பிடித்தான். "விடுங்கண்ணே, நானே பேசிக்கிறேன்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் முத்திருளாண்டி சங்கத்துக் கொடிக்கம்பத்தையே பிடுங்கி எறிந்திருப்பேன்.

அப்போதுதான் கேட்டுக்குள் ஒரு பைக் வந்தது. ஓட்டி வந்தது தங்கவேல். முகத்தில் தோற்ற நாளிலிருந்து சவரம் பண்ணாத தாடி. பின்னால் ஆரோக்கியம் அக்கா. இரண்டு பேருக்கும் நடுவில் மூடி போட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி.

"தங்கவேலு... நீயா?"

"ஏன், தோத்தவன் டிப்போக்குள்ள வரக் கூடாதா?"

"அதுக்கில்லடா. நான் ஒனக்கு..."

"நீ எனக்குப் போடல. தெரியும். ஒம் மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கு" என்று சிரித்தான். "அதுக்கென்ன இப்ப? அங்கன நின்னு முழிக்காம வந்து வாளியப் பிடி. கனக்குது."

வாளியைப் பிடித்தேன். வேறு என்ன செய்ய?

உள்ளே போனோம். "இவரு யாரு, எதுக்கு வந்துருக்காருன்னு கேளு" என்றார் சார் ஜன்னலைப் பார்த்து. மைக்கில் ஊரைக் கூட்டுகிற தங்கவேல் அன்றைக்குப் பேசின குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. தாழ்ந்த குரல். ஒரு கோஷமில்லை, ஒரு வசவில்லை. பெரியவர் விழுந்தது நிஜம், சிராஜ் அவரைப் போய்ப் பார்த்ததும் நிஜம், அவர் கண்டக்டர் மேல் குறை சொல்லவில்லை. தப்பு ஓட்டைக் கூடை மேல். கூடைக்குப் பதில் இந்த மாதிரி மூடி வாளி என்று பெண்கள் ஒத்துக்கொண்டாகிவிட்டது. பின்வரிசையில் மட்டும் வைக்கட்டும். சுற்றறிக்கை சொல்வது ஒழுகுகிற சாமானைத்தான். இது ஒழுகாது.

"ஒழுகாதுன்னு எப்படித் தெரியும்னு கேளு" என்றார் சார்.

ராக்கம்மா அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கவேல் வாளியைத் தூக்கி, மேசை மேல், ஃபைல்களுக்கு நடுவில், தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டான்! "அய்யய்யோ!" என்றது அக்கா. சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுக்கூட இல்லை.

சார் மெல்லக் குனிந்தார். வாளியின் மூடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். வாளியை நிமிர்த்தித் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். எட்டிப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, எதிரே நிற்கிற ஆளின் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, வெளமீனா?"

"வெளமீன்தான் சார். விடியக்காலம் எடுத்தது. கண்ணப் பாருங்க, எப்படி முழிக்கிதுன்னு!"

"வெளமீனான்னு சார் கேக்குறாக" என்றது ராக்கம்மா அக்கா, பழக்க தோஷத்தில். தங்கவேல் சிரித்தான், சிராஜ் சிரித்தான், சாரே சிரித்துவிட்டார்.

எச்சரிக்கையோடு சஸ்பென்ஷன் ரத்து. மூடி போட்ட வாளிக்குப் பின்வரிசையில் அனுமதி. வெளியே வந்ததும் சிராஜ் என்னைக் கட்டிக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று குழந்தை மாதிரி அழுதான். நானும் அழுதேன். தங்கவேல் பைக்கை உதைத்துக்கொண்டே, "போதும்ப்பா, டூட்டியப் பாருங்க" என்றான்.

அன்றைக்கு என் நோய் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஆயுசில் முதல் தடவையாக எந்தப் பக்கம் நிற்பதென்று எனக்குத் தெரிந்துவிட்டது! அந்த உற்சாகத்தை எப்படிச் சொல்வேன்? அடுத்த சங்கத் தேர்தலுக்கு நானே தங்கவேலுக்கு ஓட்டுக் கேட்டேன். கேட் மீட்டிங்கில் ஏறி நானே பேசினேன். ரெக்சின் மறைப்புக்குள் போன வேகத்தில் வெளியே வந்தேன். தங்கவேல் ஜெயித்தான். பெரிய ஜெயிப்பு. அன்றைக்கு நான் ஆடின ஆட்டம் எங்கள் டிப்போவில் இன்னும் பேச்சாம்.

அடுத்த வாரமே ஒரு விசாரணை வந்தது. சின்னப் பையன், புதிதாகச் சேர்ந்த மெக்கானிக். பிரேக் சரியில்லை, வண்டியை வெளியே விட மாட்டேன் என்று மறித்ததற்காக மெமோ. முகம் வெளுத்துப்போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"கவலப்படாத. தங்கவேல் அண்ணன் வருவாரு. யாருன்னு நினைச்ச அவர! பாரு, இப்ப வருவாரு" என்றேன்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். "மாப்ள, சென்னையில இருக்கேன், தலைவரப் பாக்க நிக்கேன், தள்ளி வைக்கச் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

கேட்டுக்குள் ஒரு பைக் சத்தம் கேட்டது. முத்திருளாண்டி அண்ணன். மீசையில் எண்ணெயில்லை, நாலு நாள் தாடி, கக்கத்தில் விதிப் புத்தகம். பையனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "எந்திரிலே. பிரேக் இல்லாத வண்டிய மறிச்சவன் என்னத்துக்குத் தலையத் தொங்கப்போடுற?"

எனக்கு அடக்க முடியவில்லை. வராந்தா அதிரச் சிரித்தேன். அவர் என்னை முறைத்தார்.

"என்னலே சிரிப்பு?"

"ஒண்ணுமில்லண்ணே. அடுத்த தடவ என் ஓட்டு உங்களுக்குத்தான்."

"வேணாம்லே" என்றார் அவசரமாக, பையனைக் காட்டி. "இவனுக்கு வேலை தங்கணுமில்ல!"